நீலகிரிப் பள்ளிகளுக்குச் சொத்து வரியில் ஒரு பங்கு: எந்த வழி பொருந்தும்?

நீலகிரி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளுக்கு ஆகும் அன்றாடச் செலவுக்காக, சொத்து வரியோடும் வீட்டு வரியோடும் சேர்த்து ஒரு சிறு தொகையை உள்ளூரிலேயே வசூலிக்கலாமா என்ற கேள்வி, சமவெளி மாவட்டங்களைவிட இங்கே கூடுதல் அழுத்தம் உடையது. ஒரே மலைச்சரிவில், ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் காட்டேஜும், இருபது பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் அடுத்தடுத்து இருக்கும் மாவட்டம் இது. அந்தக் காட்டேஜின் உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். அவர் வீட்டுப் பிள்ளை இந்தப் பள்ளியில் படிக்கப் போவதில்லை. ஆனால் அவர் வீட்டுக்குக் காவல் இருப்பவரின் பிள்ளையும், தோட்டத்துக்கு இலை பறிக்கப் போகிறவரின் பிள்ளையும் இங்கேதான் படிக்கிறார்கள். ஆகவே வரி என்ற யோசனை இயல்பாக எழுகிறது. அதற்கு மாற்றாகச் சுற்றுலாக் கட்டணம், நன்கொடை, மாநில அரசின் மானிய விதியைத் திருத்தக் கோருவது என மூன்று வழிகள் பேசப்படுகின்றன. நான்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எந்தச் செலவுக்குப் பணம் போதவில்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-லேயே அரசு ஊழியர் ஆகிவிட்டார்கள். அவர்களின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் மாநிலத் திட்டங்கள். பாடநூல், சீருடை, மிதிவண்டி ஆகியவையும் அப்படியே. உள்ளூரில் தலைமையாசிரியரின் கையைக் கடிப்பவை வேறு: ஒழுகும் கூரைத் தகடு, உடைந்த குழாய், பினாயில், துடைப்பம், பதிவேடு, கழிவறைக் கதவு. இவற்றுக்கென்று ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி மானியம், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. 250 வரை என்றால் 50,000. பத்தாயிரத்தை மாதத்துக்குப் பிரித்தால் 833 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி.

இந்த அளவுகோல் சமவெளிக்குப் பொருந்தலாம். மலைக்குப் பொருந்தவில்லை. நீலகிரியின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141 ஆக இருந்து 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிகள் சிறுத்துப்போகின்றன, ஆனால் கூரையின் பரப்பும் மழையின் அளவும் குறைவதில்லை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு வாரம் பெய்தால் சுவரில் ஏறும் ஈரத்தைச் சரிசெய்வதற்கே பத்தாயிரம் காணாது. சிமெண்டும் மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருவதால் அதே வேலைக்கு இங்கே விலையும் கூடுதல்.

இதைவிடப் பெரிய செலவு போக்குவரத்து. பேருந்து போகாத குடியிருப்புகளிலிருந்து, யானையும் காட்டெருமையும் கடக்கும் வழியில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை நடக்கவிட முடியாது, ஜீப்தான் வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் இத்தகைய பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி தருகிறது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 6,000 ரூபாய் வரை என்பது அதன் வரம்பு. பத்து மாதப் பள்ளிக்கு மாதம் 600 ரூபாய். எட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டால் மாதம் 4,800 ரூபாய். 22 பள்ளி நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 218 ரூபாய். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று மண்பாதையில் மேடேறி இறங்கும் ஜீப்புக்கு இது டீசல் காசுக்கே இழுபறி. முப்பது பிள்ளைகள் ஏறினால் கட்டுப்படியாகும். அப்படியொரு குடியிருப்பு இருந்தால் அங்கே பள்ளியே இருந்திருக்கும். போதாக்குறைக்கு, புதிய கல்விக் கொள்கை தொடர்பான பிணக்கில் 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய இத்திட்ட நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே தகராறு வந்தால் கூடலூரில் ஜீப் நின்றுபோகக்கூடிய ஏற்பாடு பாதுகாப்பானதா என்பதே இங்கே கேள்வி. உள்ளூர் வருவாய் ஒன்று வேண்டும் என்பதற்கு என் பார்வையில் இதுவே வலுவான காரணம்.

இனி வரிக்கு வருவோம். ஊராட்சி மன்றமோ நகர்மன்றமோ தீர்மானம் போட்டு ஒரு புதிய வரியைத் தொடங்கிவிட முடியாது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆம் உறுப்பு. ஊராட்சிகளுக்கு 243எச், நகராட்சிகளுக்கு 243எக்ஸ் ஆகிய உறுப்புகளின்படி மாநிலச் சட்டமன்றம் அதிகாரம் அளித்தால்தான் அவை வசூலிக்கலாம். எனவே கல்விக்கான கூடுதல் வரி வேண்டுமானால் சட்டமன்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். நல்ல வேளையாக, இரண்டு முன்மாதிரிகள் நம் கைவசமே உள்ளன. நகராட்சிகளின் கணக்கில் தொடக்கக் கல்வி நிதி என்று ஒரு தனி நிதி நெடுங்காலமாக உண்டு. சொத்து வரியில் கல்விக்கான பங்கு அதில் வரவு வைக்கப்பட்டு, அந்தந்த நகர எல்லைக்குள் செலவாகிறது. மற்றொன்று நூலக வரி. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக வசூலிக்கப்பட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஒன்று ஊருக்குள் நிற்பது. மற்றது மாவட்டத்துக்குள் பகிரப்படுவது. நம் முன் உள்ள தேர்வில் வரி வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, இந்த இரண்டில் எது என்பதே முக்கியமானது என்று நான் கருதுகிறேன்.

வசூலாகும் ஊரிலேயே பணம் நிற்க வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். எங்கள் ஊர் வரி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்றால் மக்கள் தயங்காமல் கட்டுவார்கள் என்று சொல்வோரும் உண்டு. இந்த முறையை உலகிலேயே மிக விரிவாகக் கடைப்பிடிக்கும் நாடு அமெரிக்கா. அதன் விளைவும் அங்கேதான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம், சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் என்ற விகிதத்தில் வரி விதித்தது. அதனால் ஒரு மாணவருக்குக் கிடைத்த உள்ளூர்ப் பணம் 26 டாலர். அதே நகரின் செல்வம் மிக்க அலமோ ஹைட்ஸ் மாவட்டம் 85 சென்ட் மட்டுமே விதித்து ஒரு மாணவருக்கு 333 டாலர் திரட்டியது. குறைவாக வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 13 மடங்கு பணம். இது அந்நாட்டு அரசமைப்புக்கு முரணானது என்று பெற்றோர் தொடுத்த வழக்கை, 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. கலிஃபோர்னிய மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நீலகிரியில் இதே ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையாக வெளிப்படும். குன்னூர், உதகை நகராட்சிகளிலும் கோத்தகிரியைச் சுற்றியும் பங்களாக்களும் விடுதிகளும் நிறைந்திருக்கின்றன. கூடலூர், பந்தலூர் பக்கம் நிலைமை வேறு. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி உரிமை தீராமல் கிடக்கும் நிலங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் பட்டா இல்லாமல் வாழ்கின்றன. மின் இணைப்புக்கே போராடும் வீட்டின் மதிப்பில் வரியைக் கூட்டி என்ன கிடைக்கும்? சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்ட டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகள் தொழிலாளியின் சொத்தே அல்ல. மசினகுடியில் ரிசார்ட்டுகள் உண்டுதான். ஆனால் யானை வழித்தட வழக்கில் 2018-இல் பல கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்பட்டது, 2020-இல் வழித்தட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிமன்ற ஆணையால் ஒரே நாளில் இல்லாமல் போகக்கூடிய வரி அடித்தளத்தை நம்பி ஜீப்புக்குப் பணம் ஒதுக்க முடியாது. மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கு மேல் காடு. அதற்கு வரி இல்லை. வெலிங்டன் தனிக் கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி. ஒன்றிய அரசின் சொத்துக்களுக்கு 285-ஆம் உறுப்பு உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆக, ஊருக்கு ஊர் தனித்தனியாக என்றால், தேவை அதிகம் உள்ள ஊரில் வசூல் குறைவாகவும் வசூல் அதிகம் உள்ள ஊரில் தேவை குறைவாகவும் இருக்கும். இந்த வடிவத்தை நான் ஏற்க மாட்டேன்.

கட்டுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் படுகர் ஊர்களான ஹட்டிகளில் எழுந்த மாடி வீடுகளை வெளியூர்க்காரர் பார்த்தால் வசதி என்று நினைப்பார். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகாத விலை வரும் மாதங்களில் அந்த வீட்டுக்காரர் ரேஷன் அரிசியை நம்பித்தான் இருக்கிறார். சொத்து கண்ணுக்குத் தெரியும், வருமானம் தெரியாது என்பது சொத்து வரியின் பிறவிக் குறை. கலிஃபோர்னியாவில் இந்தக் கோபம்தான் 1978-இல் 13-ஆம் முன்மொழிவு என்ற மக்கள் வாக்கெடுப்பாக வெடித்து, சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. அங்கே பள்ளிகளின் உள்ளூர் வருவாய் அதோடு சுருங்கியது. நம் மாநிலத்தில் சந்தை விலையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இடம், கட்டடப் பரப்பு, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு வரி நிர்ணயிக்கப்படுகிறது. 2022 ஏப்ரல் சீராய்வில் நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. சிறிய வீட்டுக்குக் குறைவாக, பெரிய வீட்டுக்குக் கூடுதலாக என்ற அந்தப் படிநிலையை அப்படியே கல்விப் பங்குக்கும் எடுத்துக்கொள்ளலாம். 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டில் அதன் உரிமையாளரே குடியிருந்தால் முழு விலக்கு அளிக்கலாம். ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டிக்கொண்டு குடியிருப்பு விகிதத்திலேயே வரி கட்டும் கட்டடங்களை வணிக வகைக்கு மாற்றலாம். இந்தக் கடைசி வேலைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; அளந்து பார்க்க மனம் இருந்தால் போதும்.

அடுத்தது நூலக வரி வடிவம்: மாவட்டம் முழுவதும் ஒரே விகிதத்தில் வசூலித்து, ஒரே கணக்கில் சேர்த்து, தேவைக்கேற்பப் பகிர்வது. எவ்வளவு தேறும் என்பதற்கு ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். அரையாண்டுக்கு 8,000 ரூபாய் சொத்து வரி கட்டும் காட்டேஜ் ஒன்று, நூலக வரியைப் போலவே பத்து விழுக்காடு கட்டினால், ஆண்டுக்கு 1,600 ரூபாய். அத்தகைய கட்டடம் 300 இருந்தால் 4,80,000 ரூபாய். 30 பிள்ளைகளுக்குக் குறைந்த 48 பள்ளிகளின் ஆண்டு மானியத்துக்கு அது சமம். கட்டுகிறவருக்கு ஒரு வார இறுதி வாடகையில் சிறு பகுதி. பள்ளிக்கு மானியம் இரட்டிப்பாகிறது. மலைப் பள்ளிகளின் தேவை அத்தனை சிறியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. புதிதாகக் கட்டடம் எழுப்ப இந்தப் பணம் போதாது, போதவும் வேண்டாம். அதற்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்ற மாநிலத் திட்டங்கள் இருக்கின்றன.

இந்த வடிவத்தின் பலவீனமும் நூலக வரியிலேயே தெரிகிறது. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது மாநிலம் முழுவதும் பழகிப்போன குறை. சம்பளத்துக்கும் குடிநீருக்கும் பணம் இல்லாத நகராட்சி, கையில் இருக்கும் பணத்தை எடுத்துச் செலவிடத்தான் செய்யும். ஆகவே வரி செலுத்தும்போதே கல்விப் பங்கு தனியாகப் பிரிந்து மாவட்டக் கணக்குக்குப் போய்விட வேண்டும். இணையவழியில் வரி கட்டும் இந்நாளில் அது செய்ய முடியாத காரியம் அல்ல. இன்னொரு சிக்கல், அனுமதியில்லாத கட்டடங்கள். மலைப்பகுதியில் ஏழு மீட்டர் உயர வரம்பையும் மற்ற விதிகளையும் மீறிக் கட்டியவர், பள்ளிக்கு வரி கட்டிய ரசீதைக் காட்டி முறைப்படுத்தக் கோருவார். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது என்பதை ரசீதிலேயே அச்சிட்டுவிடுவது நல்லது. கொடைக்கானலிலும் இதே நோய் உண்டு. நகராட்சி எல்லையைத் தாண்டி வில்பட்டிப் பக்கம் போய்ப் பார்த்தால் புரியும்.

சுற்றுலாக் கட்டணம் பலருக்கும் பிடித்த யோசனை, ஏனென்றால் கட்டுவது நாம் அல்ல. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாகியிருக்கிறது; 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. வண்டிக்கு இவ்வளவு என்று பாஸோடு சேர்த்து வாங்கினால் வசூல் எளிது, ஏய்க்கவும் முடியாது. ஆனால் வரம்பு வைத்த நோக்கமே வண்டிகளைக் குறைப்பது. பள்ளிச் செலவை வண்டி எண்ணிக்கையோடு கட்டிவிட்டால், கூட்டம் குறைந்தால் வருவாய் குறையும் என்று சொல்லி வரம்பைத் தளர்த்தக் கேட்கும் கூட்டத்தில் பள்ளியும் சேர்ந்துவிடும். சீசன் இரண்டு மாதம், பள்ளி பத்து மாதம். 2020 ஊரடங்கில் இந்த வருவாய் அடியோடு நின்றிருக்கும். சொத்து வரி தாமதமாகவேனும் வந்தது. அறை வாடகை மீது உள்ளூர் வரி என்பதும் எளிதல்ல, பழைய ஆடம்பர வரி 2017-இல் ஜி.எஸ்.டி.-யில் கரைந்துவிட்டது. வண்டிக் கட்டணத்தைச் சாலைக்கும் குப்பைக்கும் விட்டுவிடுவதே முறை.

நன்கொடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளித் திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பணம் தரலாம், தருகிறார்கள். ஸ்மார்ட் வகுப்பறைக்கும் வண்ணப்பூச்சுக்கும் அது உதவுகிறது. திறப்பு விழா எடுக்கக்கூடிய பொருளுக்குத்தான் நன்கொடை வரும். ஜூலை மாத ஜீப் வாடகைக்கும் கழிவறைத் தாழ்ப்பாளுக்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. மேலும், பெயர்பெற்ற முன்னாள் மாணவர் உள்ள உதகைப் பள்ளிக்கு அது போகும்; முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளிக்கு முன்னாள் மாணவர் சங்கம் எங்கிருந்து வரும்?

நான்காவது வழி, மானிய விதியையே திருத்தக் கோருவது: தலைக்கணக்கு பார்க்காமல், மலைப்பகுதிப் பள்ளிக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்து, தொலைவுக்கும் மழைக்கும் கூடுதலாகத் தருவது. கொள்கையளவில் இதுவே சரியானது. 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி தருவது அரசின் கடமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருக்கும்போது, அந்தக் கடமையை ஹட்டிக்காரர் தலையில் ஏன் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இல்லை. உள்ளூர் வரி வந்ததும் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் என்ற அச்சமும் வெறும் கற்பனையல்ல. ஆனால் ஒன்றிய அரசின் அளவுகோலை மாற்ற நீலகிரிக்கு உள்ள குரல் மிகச் சிறியது. மாநிலம் தன் பணத்திலிருந்து கூடுதல் தருவதானால் கல்வராயன், ஏற்காடு, ஜவ்வாது மலைகளும் கேட்கும், கேட்க வேண்டியதும்தான். காலம் பிடிக்கும். அதுவரை இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டிவிடும்.

ஆகவே என் தேர்வு, மாவட்ட அளவில் பகிரப்படும் கல்விப் பங்கு. அதோடு மானியத் திருத்தக் கோரிக்கையைக் கைவிடாமல் தொடர்வது. வரியை ஏற்பதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். பணம் போக்குவரத்துக்கும் பராமரிப்புக்கும் மட்டுமே என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மாநிலம் முந்தைய ஆண்டு தந்த தொகையைவிடக் குறைவாகத் தந்தால் வரி தானாக நின்றுவிட வேண்டும். பள்ளிக்குப் பள்ளி எவ்வளவு போயிற்று என்பதை ஆண்டுதோறும் பள்ளிச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். பகிரும்போது மாணவர் எண்ணிக்கையை இரண்டாம் இடத்தில் வைத்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு உள்ள தொலைவையும் பழங்குடிக் குடியிருப்புகளின் எண்ணிக்கையையும் முதலிடத்தில் வைக்க வேண்டும். உதகை நகர்மன்றம் இதை எதிர்க்கும் என்பது நிச்சயம். நகராட்சிப் பள்ளிகளுக்கு ஏற்கெனவே உள்ள கல்வி நிதியைத் தொடமாட்டோம் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிட்டால் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

தொடங்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளியில் எது உடைந்திருக்கிறது, ஜீப் எந்த வாரம் வரவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு குழுவும் சென்ற கல்வியாண்டில் மானியமாக வந்த தொகை, உண்மையில் ஆன செலவு, தலைமையாசிரியரும் பெற்றோரும் கைப்பணம் போட்ட தொகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி நாள் கிராம சபையில் படித்துப் பதிவு செய்யட்டும். மாவட்டத்தில் 35 ஊராட்சிகள்தான் இருக்கின்றன. அத்தனை தீர்மானங்களும் ஒரே கோப்பில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், விகிதம் ஐந்து விழுக்காடு போதுமா பத்து வேண்டுமா என்பதை அந்தக் கணக்கைக் கொண்டே தீர்மானிக்கலாம்.